அளந்து வாங்குவோம் மணலும் மண்ணும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. வீணாகப் போகும் பொருளுக்கே அளவு வேண்டும் என்று சொன்னவர்கள் அவர்கள். நாமோ, ஆற்றிலிருந்து அள்ளிய மணலைக் கைக்காசு கொடுத்து வாங்கும்போது அளவைக் கேட்பதில்லை. "ஒரு லோடு மணல் என்ன விலை?" என்ற ஒரே கேள்வியோடு நம்முடைய பேரம் முடிந்துவிடுகிறது. எத்தனை பெரிய லோரி, அதில் எவ்வளவு உயரத்திற்கு மணல், எந்த வகை மணல், எங்கிருந்து வந்தது என்பவை யாவும் விற்பவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியங்களாக நின்றுவிடுகின்றன.

லோடு என்பது அளவு அன்று. அது ஒரு நடை மட்டுமே. இந்த ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால், மணலும் ஜல்லியும் செம்மண்ணும் வாங்கும் தோட்டப் பாட்டாளிக் குடும்பம் தன் சேமிப்பில் கணிசமான பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்கான வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டம் தந்த காலமும் நாம் வாங்கும் காலமும்

தோட்ட லயங்களில் வாழ்ந்த காலத்தில் மண்ணும் மணலும் நாம் விலை பேசிய பொருள்கள் அல்ல. லயத்துப் பாதையில் குழி விழுந்தால் தோட்டத்து லோரி செம்மண் கொண்டுவந்து கொட்டும். கால்வாய் உடைந்தால் தோட்டத்துக் கொத்தனார் வந்து பூசுவார். குடியிருப்புகளைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்பதை 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் உறுதிப்படுத்தியது. ஆகவே இன்றும் தோட்ட வீட்டில் குடியிருப்போர் தம் கைப்பணத்தைச் செலவழித்து வீட்டைச் சுற்றி மண் நிரப்புவதற்கு முன்னர், அவ்வேலை நிர்வாகத்தின் பொறுப்பா என்பதை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். நிலம் நிர்வாகத்திற்குச் சொந்தமாகையால், அனுமதியின்றி அதை உயர்த்துவதும் மாற்றுவதும் பின்னர் வழக்கிற்கு இடமளிக்கும். நிர்வாகம் தன் கடமையைச் செய்யத் தவறினால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம்.

ஆனால் கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. பால்மரம் நின்ற காடுகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. வேறு சிலவற்றில் தாமான்கள் எழுந்துள்ளன. லயத்தை விட்டு மலிவுவிலை வீட்டிற்கும் சொந்த நிலத்திற்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. சொந்த வீடு கிடைத்ததும் முதலில் செய்ய நினைக்கும் வேலை எது? வாசலில் சிமெண்டு போடுவது. தாழ்ந்த முற்றத்தை உயர்த்துவது. பின்புறத்தில் நாலு கத்தரிச் செடியும் ஒரு முருங்கையும் நடுவது. இம்மூன்றுக்கும் லோரி வர வேண்டும். தோட்டம் தந்ததைக் கடையில் வாங்கும் நிலை அப்போதுதான் முதன்முதலாக ஏற்படுகிறது.

நம் வட்டாரத்து மணல் வந்த கதை

வாங்கும் பொருளின் பிறப்பிடத்தை அறிந்து கொள்வது பயனுடையது. 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றப்பட்ட பத்தாங் பெர்ஜுந்தை, ஒரு காலத்தில் ஈயத்திற்குப் பெயர் பெற்ற ஊர். ஈயக் கப்பல்கள் நிலத்தைத் தோண்டிக் கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு, மணலையும் சேற்றையும் பின்னால் தள்ளிவிட்டுச் சென்றன. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. அதன் பின்னர் நாட்டின் ஈயத் தொழில் விரைவாகத் தேய்ந்தது. ஆனால் கப்பல்கள் விட்டுச் சென்ற குளங்களும் மணல் மேடுகளும் எஞ்சி நின்றன. இன்று வீடு கட்டும் மணலுக்கு அந்நிலங்கள் ஒரு பெரிய இருப்பாக விளங்குகின்றன. மற்றொரு பகுதி ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ஜல்லிக்கல் மலைப்பாறையைக் குவாரியில் உடைத்துச் செய்யப்படுவது. செம்மண் உட்பகுதி மேடுகளைச் சமன் செய்யும்போது வெட்டி எடுக்கப்படுவது.

கடலை ஒட்டிய ஜெராம், தஞ்சோங் காராங் பக்கங்களில் நிலம் ஒட்டும் களிமண்ணாக இருக்கும். பெஸ்தாரி ஜெயாவுக்கு வடக்கே, ராஜா மூசா வனப் பகுதியை ஒட்டிச் சதுப்பு நிலத்துக் கரிமண் பரந்துள்ளது. களிமண்ணின்மீது கொட்டிய மண் மெல்ல அமிழும்; கரிமண்ணின்மீது கொட்டியதோ ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே இருக்கும். ஒரே அளவு மண் ஈஜோக்கில் போதுமானதாகவும் வேறோர் இடத்தில் போதாததாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

முதற்படி: நம் தேவையை அளப்போம்

விலை கேட்பதற்கு முன்னர் அளவு நாடாவை எடுக்க வேண்டும். கணக்கு மிக எளிது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் அடியில் எடுத்து ஒன்றோடொன்று பெருக்கினால் கன அடி கிடைக்கும். நம் நாடு 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்தின் வழி மெட்ரிக் முறைக்கு மாறியதால், கடைகளில் கன மீட்டர் கணக்கும் வழங்கும். ஒரு கன மீட்டர் என்பது ஏறத்தாழ 35 கன அடி. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள முற்றத்தை அரை அடி உயர்த்த வேண்டும் என்று கொள்வோம். 20ஐ 10ஆல் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் 100 கன அடி. ஆனால் தளர்வாகக் கொட்டிய செம்மண், மிதித்து இறுக்கியதும் குறைந்துவிடும். ஆகவே கால் பங்கு கூட்டி 125 கன அடி, அதாவது மூன்றரை கன மீட்டர் வாங்க வேண்டும். இக்கணக்குத் தெரியாதவர் "ஒரு லோடு போதும்" என்று எண்ணிச் சிறிய லோரியை வரவழைப்பார். போதாமல் இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் லோரிக் கூலி கொடுப்பார்.

இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு. வாசலில் 15 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் சிமெண்டுப் பாதை போட எவ்வளவு பொருள் வேண்டும்? பாதையின் கன அளவு 15 கன அடி. ஒரு பங்கு சிமெண்டு, இரு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்பது வழக்கமான கலவை. 50 கிலோ மூட்டை ஒன்று ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. அதனோடு இரண்டரை கன அடி மணலும் ஐந்து கன அடி ஜல்லியும் சேரும். ஜல்லியின் இடுக்குகளில் மணலும், மணலின் இடுக்குகளில் சிமெண்டும் புகுந்துவிடுவதால், இவையெல்லாம் சேர்ந்து ஐந்தரை முதல் ஆறு கன அடி வரையிலான கலவையே கிடைக்கும். ஆகவே இப்பாதைக்கு மூன்று மூட்டை சிமெண்டும், ஏழரை கன அடி மணலும், 15 கன அடி ஜல்லியும் போதும். ஏழரை கன அடி மணல் என்பது ஒரு கன மீட்டரில் கால் பங்குகூட அன்று! இதற்கென ஒரு லோரி மணலை வரவழைத்தால், மிச்ச மணல் மழையில் கரைந்து கால்வாயை அடைக்கும்; அல்லது பூனைகளுக்குப் பயன்படும்.

அழகுக்காகச் சிறுகற்களைப் பரப்ப விரும்புவோர்க்கும் இதே கணக்குத்தான். 10 அடிக்கு 10 அடி இடத்தில் இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பினால் ஏறத்தாழ 17 கன அடி, அதாவது அரை கன மீட்டர் கல் வேண்டும். களிமண் தரையில் நேரடியாகக் கல்லைக் கொட்டினால், இரண்டு மழைக்காலத்தில் களிமண் அதை விழுங்கிவிடும். முதலில் கல்தூள் கலந்த சரளையை இறுக்கிப் போட்டு, அதன்மேல் கல்லைப் பரப்புவதே முறை.

இரண்டாம் படி: பொருளின் வகையறிவோம்

மணல் எல்லாம் ஒன்று அல்ல. சுவர் பூச நைசான மணல். தளம் போடச் சற்றுப் பருமனான ஆற்று மணல். பள்ளம் நிரப்ப ஈயச் சுரங்க மணலும் போதும். ஆனால் சுரங்கத்தில் கழுவி எஞ்சிய மணலில் சத்து எதுவும் இராது. அதில் செடி நட்டுப் பயனில்லை.

மணலில் சேறு எவ்வளவு உள்ளது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மணலைப் போடுங்கள். முக்கால் போத்தல் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும் சேறு அதன்மேலும் தனித்தனியே படியும். மேலே நிற்கும் சேறு, மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அம்மணல் சிமெண்டு வேலைக்கு உதவாது. சேறு கலந்த மணலால் போட்ட தளம் சில மாதங்களில் பொடிந்து தூசியாகும். பேரம் முடிப்பதற்கு முன்னர் ஒரு பை மணலை மாதிரிக்குக் கேட்டு வாங்கி இச்சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

கடலருகே வாழ்வோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடற்கரை மணலில் உப்பு உண்டு. இரும்புக் கம்பி வைத்துக் கட்டும் தூணிலும் தளத்திலும் அம்மணலைக் கலந்தால், கம்பி துருப்பிடித்து வீங்கிச் சிமெண்டைப் பிளந்துவிடும். மணலில் சிப்பித் துண்டுகள் தென்பட்டால் எச்சரிக்கையாயிருங்கள்.

செடிக்கு வாங்கும் மண் வேறு, பள்ளம் நிரப்ப வாங்கும் மண் வேறு. மேட்டை ஆழமாக வெட்டி எடுத்த செம்மண் இறுகி நிற்கும், நிரப்புவதற்கு ஏற்றது, ஆனால் செடிக்கு உணவு தராது. செடிக்கு வேண்டியது நிலத்தின் மேற்பரப்பிலுள்ள கறுத்த மண். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடி, சிமெண்டுக் கட்டி, லாலான் புல்லின் வெள்ளை வேர் ஆகியவை இருந்தால் வாங்காதீர்கள். ஒரு விரல் நீள லாலான் வேர் போதும். அடுத்த ஆண்டு முற்றம் முழுவதும் லாலான் காடாகிவிடும்.

சதுப்பு நிலக் கரையிலிருந்து தோண்டிய சாம்பல் நிறக் களிமண்ணையும் தவிர்க்க வேண்டும். நீரடியில் கிடக்கும் வரை அது தீங்கு செய்யாது. வெயிலும் காற்றும் பட்டபின் அதிலுள்ள கந்தகம் புளிப்பாக மாறி, மண்ணில் மஞ்சள் திட்டுகள் தோன்றும். செடியின் வேர் கருகும். வீட்டுத் தோட்டத்திற்கு, மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு ஆற்று மணல் என்ற கலவை பெரும்பாலான காய்கறிகளுக்குப் பொருந்தும். ஆகவே முழு லோரி 'கறுப்பு மண்' வாங்குவதைவிடப் பாதி மண்ணும், மீதிக்கு வீட்டிலும் தோட்டத்திலும் கிடைக்கும் எருவும் சேர்ப்பது சிக்கனம்.

மூன்றாம் படி: லோரியை அளப்போம்

இதுவே நம் மக்கள் பெரும்பாலும் தவறவிடும் படி. லோரி வாசலில் வந்து நின்றதும், கொட்டுவதற்கு முன்னர், பெட்டியின் உள்நீளம், உள்ளகலம், மணல் நிற்கும் உயரம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட பெட்டி நிறைய மணல் இருந்தால் 90 கன அடி. அதே பெட்டியில் மணல் ஓர் அடி உயரமே இருந்தால் 60 கன அடிதான். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் 'ஒரு லோடு'. ஆனால் மூன்றில் ஒரு பங்கு மணல் வரவேயில்லை.

ஈர மணலில் மேலும் ஒரு மாயம் உண்டு. சற்றே நனைந்த மணலின் துகள்களைச் சுற்றி நீர் ஒட்டி நின்று அவற்றை விலக்கிவிடுவதால், மணல் உப்பிப் பெரிதாகத் தோன்றும். இதைச் சோதிக்க ஒரு வாளியில் ஈர மணலைத் தளர்வாக 10 அங்குல உயரம் நிரப்புங்கள். பிறகு அதைத் தண்ணீர் நிறைந்த அதே அளவு வாளியில் கொட்டிக் கலக்கி அடங்க விடுங்கள். மணல் 8 அங்குலமாகத் தாழ்ந்தால், 10 வாளிக்குப் பணம் கொடுத்து 8 வாளி மணல் வாங்கியிருக்கிறோம் என்று பொருள். மேற்சொன்ன 60 கன அடியும் இப்படிப்பட்ட ஈர மணலானால், உண்மையில் கிடைப்பது 48 கன அடி. 90 கன அடி என்று நம்பியவர் கையில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே! இதில் உப்பல் இயற்கையின் செயல். விற்பவர்மீது குறை கூற இயலாது. ஆயினும் வாங்குபவர் அதனை அறிந்து விலை பேச வேண்டும். கலவை போடும்போதும் ஈர மணலாயின் வாளிக்கணக்கைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

லோரி வந்த நேரத்தில் வீட்டில் எவரும் இல்லாமற் போனால் என்ன செய்வது? கொட்டிய குவியலையும் அளக்கலாம். வட்டமான குவியலின் குறுக்களவை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை உயரத்தால் பெருக்கி, நான்கால் வகுக்க வேண்டும். குறுக்களவு 10 அடி, உயரம் 3 அடி என்றால் 75 கன அடி. இது துல்லியக் கணக்கன்று. ஆயினும் ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்கப் போதுமானது.

எடைக்கணக்கில் விற்பவரும் உண்டு. ஒரு கன மீட்டர் மணல் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ளது. ஜல்லியும் ஏறக்குறைய அவ்வாறே. எனவே ஒரு டன் மணல் என்பது 24 கன அடிக்கு மேற்படாது. டன் கணக்கில் வாங்கினால் எடைமேடைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள்.

பெட்டிக்கு மேல் கூம்பாகக் குவித்து வந்தால் நமக்கு இலாபம் என்று மகிழ்வதும் தவறு. ஒவ்வொரு லோரிக்கும் ஏற்றத்தக்க பாரம் வரையறுக்கப்பட்டுள்ளது. 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில், கல் ஏற்றிச் சென்ற லோரி ஒன்றும் கலகத் தடுப்புப் படையின் வாகனமும் மோதிக்கொண்ட விபத்தில் அப்படையினர் 9 பேர் உயிரிழந்தனர். அந்த லோரி அளவுக்கு மீறிய பாரம் ஏற்றியிருந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. நாம் கேட்கும் 'கூடக் கொஞ்சம்' மற்றவர் உயிருக்கு விலையாகலாகாது.

நான்காம் படி: உரிமச் சீட்டைக் கேட்போம்

"சாலை வேலையில் மிஞ்சியது, பாதி விலைக்குத் தருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு மாலை வேளையில் குடியிருப்புகளைச் சுற்றி வரும் லோரிகள் உண்டு. மலிவு என்றதும் மயங்கிவிடக் கூடாது. மணல், மண், சரளை, கல் ஆகியவை 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி 'பாறைப் பொருள்' எனப்படும். அவற்றை எடுத்து வெளியே கொண்டு செல்ல நில அலுவலகத்தின் உரிமம் வேண்டும். 'போராங் 4சி' என்று வழங்குவது அதுவே. உரிமமின்றி எடுப்பதும் கொண்டு செல்வதும் குற்றம். சிலாங்கூரில் மணலெடுப்பைக் கவனிக்கும் பொறுப்பை மாநில அரசு தன் நிறுவனமான கும்புலான் செமெஸ்தாவிடம் ஒப்படைத்துள்ளது. ஆகவே முறையான லோரியிடம் பொருள் எங்கிருந்து ஏற்றப்பட்டது என்பதற்கான சீட்டு இருக்கும். அதைக் காட்டும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை.

திருட்டு மணலால் நமக்கு என்ன நட்டம் என்று சிலர் வினவலாம். நட்டம் நம் வீட்டுக் குழாயிலேயே தெரியும். சிலாங்கூர் ஆற்று நீரே கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கு. 2019ஆம் ஆண்டு ஜூலையில், ஆற்றின் மேற்பகுதியில் மணல் எடுக்கும் இடமொன்றிலிருந்து டீசல் எண்ணெய் நீரில் கலந்ததால் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பல இலட்சம் வீடுகளில் குழாய்கள் வறண்டன. வரைமுறையின்றி மணலை அள்ளினால் ஆற்றின் கரை சரியும், பாலத்தின் அடித்தளம் வெளியே தெரியும், உப்புநீர் மேலேறும். கம்போங் குவாந்தானில் இரவெல்லாம் மின்னும் மின்மினிகள் வாழ்வது ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில்தான். கரை போனால் மரம் போகும். மரம் போனால் மின்மினியும் போகும்.

ஐந்தாம் படி: இறக்கும் இடத்தைச் சீர்செய்வோம்

பால் வெட்டும் குடும்பத்தில் காலை வேளையில் வீட்டில் பெரியவர் எவரும் இருப்பதில்லை. பாலை நிறுத்து முடித்து வீடு திரும்பும் நேரத்திற்குப் பிறகு லோரியை வரச் சொல்லுங்கள். நம் வட்டாரத்தில் மாலை மழை மிகுந்த ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மணல் இறக்குவதைக் கூடுமானவரை தவிர்க்கலாம். பின்வருவனவற்றையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

1. லோரியின் பெட்டி உயரும் இடத்திற்கு மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. பெட்டி கம்பியைத் தொட்டால் ஓட்டுநரும் அருகில் நிற்போரும் உயிரிழக்க நேரிடும்.

2. மலக்குழியின் மூடிமீதும், கால்வாயின்மேல் போட்ட மெல்லிய சிமெண்டுப் பலகைமீதும் லோரிச் சக்கரம் ஏறலாகாது. அவ்விடங்களில் ஒரு கழியை நட்டு அடையாளம் செய்யுங்கள்.

3. பிள்ளைகளை வீட்டிற்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பின்னோக்கி வரும் லோரியின் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் சிறுபிள்ளை கண்ணில் படாது. வழிகாட்ட ஒரே ஒருவர், ஓட்டுநர் பார்க்கக்கூடிய பக்கத்தில் நிற்கட்டும்.

4. சாலையிலும் கால்வாயிலும் மண்ணைக் கொட்டுவது 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். அடைபட்ட கால்வாயில் தேங்கும் நீரில் கொசு பெருகும். அடுத்த மழையில் வெள்ளம் வீட்டிற்குள் வரும்.

5. குவியலுக்கு அடியில் ஒரு தார்ப்பாயும் மேலே ஒன்றும் வேண்டும். அடியில் விரித்தால் கடைசிக் கைப்பிடி வரை அள்ளலாம். மேலே மூடினால் மழையில் கரையாது.

முற்றத்தை உயர்த்துவோர் வீட்டுத் தளத்தைவிட உயர்த்திவிடக் கூடாது. தரை வீட்டிலிருந்து கால்வாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நம் முற்றத்து நீரை அயலார் வாசலுக்குத் திருப்பிவிட்டால், மண்ணோடு பகையையும் சேர்த்து வாங்கியவர்களாவோம். மரத்தின் அடியைச் சுற்றி மண்ணைக் குவிப்பதும் கூடாது. பட்டை அழுகி மரம் சாகும்.

ஆறாம் படி: எழுத்தில் வாங்குவோம்

பேரம் வாயால் நடக்கலாம்; முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். ரசீதில் விற்பவரின் பெயர், லோரியின் எண், நாள், பொருளின் வகை, கன மீட்டர் அல்லது டன் அளவு, வீட்டில் கொண்டுவந்து கொட்டும் கூலியும் சேர்ந்த மொத்த விலை ஆகிய ஆறும் இருத்தல் வேண்டும். 'மணல் ஒரு லோடு' என்று மட்டும் எழுதிய ரசீது, பிணக்கு எழும்போது நமக்குத் துணை நிற்காது. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காமல் சிறு முன்பணம் கொடுத்து, அளந்து பார்த்த பின்னர் மீதியைக் கொடுங்கள். ஓட்டுநரிடம் கடுமையாகப் பேச வேண்டியதில்லை. "தம்பி, கொட்டுறதுக்கு முன்னால ஒரு தடவை அளந்துக்கிறேன்" என்று சொன்னால் போதும். நேர்மையான வியாபாரி அதற்குத் தடை சொல்லமாட்டார். அவருக்கும் அது சாட்சியாகும்.

அளவிலோ தரத்திலோ குறை கண்டால் முதலில் விற்பவரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தீராவிட்டால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை அணுகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே நம் பக்கம் பேசுவது நம் கையிலுள்ள ரசீதும், லோரிப் பெட்டியை அளக்கும்போது எடுத்த ஒரு புகைப்படமுமே.

ஒன்றாய் வாங்கினால் நன்று

மேலே சொன்ன சிமெண்டுப் பாதைக்கு ஒரு கன மீட்டரில் கால் பங்கு மணலே வேண்டும் என்று கண்டோம். அப்படியானால் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு கன மீட்டர் மணலும், அதற்கு இரு மடங்கு ஜல்லியும் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் என்ன? லோரிக் கூலி நான்காகப் பிரியும், மிச்சம் விழாது, ஒருவர் வீட்டு வேலைக்கு மற்ற மூவரும் கைகொடுக்கலாம். கூட்டாக வாங்குவது நமக்குப் புதிதன்று. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்க முன்வந்தவர்கள் பால் வெட்டும் பாட்டாளிகளே. சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தால் தோட்டங்களையே வாங்கிய மக்களுக்கு, நாலு வீட்டார் கூடி ஒரு லோரி மணல் வாங்குவது அரிய செயலா?

நாள்தோறும் கொட்டிய பாலின் எடையை நிறுவையில் பார்த்து, ஒரு கிலோ குறைந்தாலும் கிராணியிடம் கேட்டுப் பழகியவர்கள் நாம். விற்கும்போது காட்டும் அந்தக் கண்டிப்பை வாங்கும்போதும் காட்டுவோம். தேவையை அளப்போம், பொருளைச் சோதிப்போம், லோரியை அளப்போம், சீட்டும் ரசீதும் கேட்போம். உழைத்துச் சேர்த்த ஒவ்வொரு வெள்ளியும் நம் வீட்டு வாசலிலேயே வந்து சேரட்டும்.